தண்ணீரில் இருபது சொட்டு

எங்கள் உணவு ஆய்வாளர் மேடம் ஒரு கடைக்குள் நுழைந்தால் போதும், அந்தத் தெருவே காலியாகிவிடும். வெயிலுக்கு ஒதுங்கி நின்றவன், ஓசிப் பேப்பர் படித்தவன், வெறுமனே வாய் பார்த்துக்கொண்டிருந்தவன், எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிடும். காரணம் சாட்சிக் கையெழுத்து. கலப்படச் சட்டப்படி ஒரு பொருளை மாதிரி எடுக்கும்போது பொதுமக்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாள் வேலைக்கு வந்த முதல் பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கையெழுத்தைப் போட ஒரு ஈ காக்கை முன்வரவில்லை. கடைசியில் அந்த இடத்தில் கிறுக்கியது நான்தான். நான் அவர் ஆபீஸ் ஆள், மாதிரிப் பெட்டி தூக்குகிறவன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் என் பெயரைப் படித்ததுமே சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வாங்கிய பொருளை மூன்று சம பங்காகப் பிரித்து மூன்று பாட்டிலில் ஊற்ற வேண்டும். மூடி, காகிதம் சுற்றி, எண் எழுதிய சீட்டை ஒட்டி, நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி விட்டு முத்திரை குத்த வேண்டும். கடைக்காரர் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும், அப்போதுதான் யாராவது பிரித்தால் தெரியும். ஒரு பாட்டில் பரிசோதனைக் கூடத்துக்கு, இரண்டு மேலதிகாரி அலமாரிக்கு. மேடம் இதில் எள்ளளவும் குறைக்க மாட்டார். ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்பார்: பாட்டில், மருந்து, மூடி, நூல், அரக்கு. கேட்கக் கேட்க நான் கையில் வைக்க வேண்டும். கடைக்காரர்கள் அவருக்கு அரக்கம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அரக்கு வாசனைக்காக வைத்த பெயர் என்றுதான் நேரில் சொல்வார்கள்.

மேடம் என்னை விட இரண்டு வயது பெரியவர். அப்படியும் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்ட ஒரே அதிகாரி அவர்தான். மற்றவர்களுக்கு நான் 'ஏய்', 'யோவ்', கொஞ்சம் நல்ல நாளாக இருந்தால் 'பெட்டி'.

அவர் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கல்யாணம் பேசி வந்தவர்கள், பெண் லஞ்சம் வாங்காது என்று கேள்விப்பட்டதும் மரியாதையாகக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். அவரே சொல்லிச் சிரிப்பார். சொந்தமென்று ஒரு அக்கா உண்டு. அக்கா வீட்டுக்காரரின் தம்பி வைத்திருந்த எண்ணெய் ஆலையில் மாதிரி எடுத்து, வழக்குப் போட்டு, ஜெயித்தும் விட்டார். அதோடு அக்கா இவரைத் தலைமுழுகிவிட்டாள். அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்த சேதியே ஆறு மாதம் கழித்து, அதுவும் ஒரு பால்காரர் வாயிலிருந்துதான் இவருக்குத் தெரிந்தது.

எங்கள் சரகத்துக் கடைகளில் அவர் காய்கூட வாங்க மாட்டார். வாங்கினால் ஒரு கை சேர்த்துப் போடுவார்கள், இவர் அதைத் திருப்பிக் கொட்டுவார், அவர்கள் முகம் சுருங்கும். அதனால் இரண்டு பஸ் மாறிப் போய் வேறு சரகத்தில் வாங்குவார். மத்தியானம் மாதிரி அறையில், பாட்டில் அடுக்குகளுக்கு நடுவில், டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுவார். ஆபீசில் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்கு இவர் போனால் பேச்சு நின்றுவிடும். ஏன் நின்றது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒருமுறை காய்ச்சலில் மூன்று நாள் வரவில்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும்தான் போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"இப்ப நான் வீட்டுக்குப் போனா, அடுத்து வாயைத் திறந்து பேசுறது திங்கக்கிழமை காலையில உங்ககிட்டதான் அண்ணே" என்றார்.

பஸ் வந்துவிடும் மேடம் என்றேன். நான் அவ்வளவு பெரிய புத்திசாலி.

எங்கள் பிழைப்பு பெரும்பாலும் பால்தான். விடிகிற நேரத்தில் சைக்கிள்களை நிறுத்தி, கேனைக் கலக்கி, மூன்று பாட்டிலில் ஊற்றி, 'மருந்து' என்பார். பார்மலின் புட்டியை அவர் கையில் வைப்பேன். பாட்டிலுக்கு இருபது சொட்டு. விட்டால்தான் பால் பரிசோதனைக் கூடம் போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்கும், ஏனென்றால் அந்த மருந்து கிருமி எதையும் உயிரோடு விடாது. பத்தொன்பது வருஷம், வாரத்தில் மூன்று விடிகாலை. எத்தனை ஆயிரம் இருபது சொட்டு என்று யாராவது படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டும் எங்கள் கைக்கு வரவே இல்லை. பழைய சட்டத்தில் மருந்தும் தண்ணீரும் தவிர வாயில் போடுகிற எல்லாமே உணவு. தண்ணீர் உணவு இல்லையாம்! தெருத்தெருவாகக் கேனிலும் பாட்டிலிலும் அடைத்து விற்றார்கள், நாங்கள் வேடிக்கை பார்த்தோம். பிறகு ஒரு கோடைக்கு முன்னால், அடைத்து விற்கிற தண்ணீரும் உணவுதான் என்று உத்தரவு வந்தது. மேடம் அந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில்தான் தையல்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. நல்ல தண்ணீராகக் குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதால், இவர் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு கம்பெனிப் பாட்டிலாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தெருவில் அந்தப் பாட்டில் குடித்த பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை. மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் மனைவியும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். போலீசில் விரட்டி, சுகாதார ஆபீசில் அலைக்கழித்து, ஐந்தாவது இடமாக எங்களிடம் வந்திருந்தார்.

"நான்தான் மேடம் வாங்கிக் குடுத்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாட்டிலில் முகவரி கிடையாது. எங்கே அடைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தையல்காரர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஆபீசுக்கு வந்துவிடுவார். மாதிரி அறை வாசல் பெஞ்சில் உட்காருவார். மேடத்தின் கைப்பை வார் அறுந்து ஊக்கில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொண்டுவந்தார். காசு வேண்டாம் என்றார், இவர் விடாமல் கொடுத்தார், அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். முகம் சுருங்கவில்லை. 'சாப்பிட்டீங்களா மேடம்' என்று தினமும் கேட்பார். சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த ஆபீசில் அந்த அம்மாளை யாரும் அதைக் கேட்டதில்லை. நாலாம் நாள் மேடம் டப்பாவைப் பெஞ்சுக்கே எடுத்துவந்து சாப்பிட்டார். பேச்சு பெரும்பாலும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். அவள் பொத்தான் தைக்கும்போது நூலைப் பல்லால் கடிப்பாளாம், இவர் திட்டுவாராம். மேடம் சத்தமாகச் சிரித்ததை நான் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு லாரி ஷெட், ஒரு ஆழ்குழாய்க் கிணறு, பின்னால் ஓடும் சாக்கடை. நாங்கள் போய் இறங்கியதும் வழக்கம்போலச் சுற்றி நின்றவர்கள் சிதறினார்கள். சாட்சிக்கு யாராவது வருகிறீர்களா என்று மேடம் கேட்டார், அதையும் வழக்கம்போல.

"நான் போடுறேன்" என்று தையல்காரர் முன்னால் வந்தார். மேடம் ஒரு நிமிஷம் பேனாவை நீட்டாமல் அவரையே பார்த்தார். மேடத்தின் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

முதலாளி காட்டுக்கத்தல் கத்தினான். தண்ணீர் எப்படி உணவாகும், எந்தச் சட்டம், காட்டு என்றான். மோட்டார் ஓடுகிற இரைச்சல் வேறு. ஒருவன் பின்வாசல் வழியாகப் பெட்டிகளைக் கடத்துவதில் குறியாக இருந்தான். மேடம் 'பாட்டில்' என்றார், கொடுத்தேன். விதிப்படி மூன்றிலும் ஊற்றினார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி உத்தரவைப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். கை மட்டும் என் பக்கம் இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. நான் பின்வாசல்காரனை முறைத்துக்கொண்டே பெட்டிக்குள் கைவிட்டு, மருந்துப் புட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். யாரும் கேட்காமல், நானாக வைத்தேன். கை தன்பாட்டுக்கு எண்ணியது. மூன்று பாட்டிலிலும் இருபது இருபது சொட்டு. வாய் சட்டம் பேசிக்கொண்டிருந்தது. மூடி, நூல், அரக்கு எல்லாம் நேர்த்தி. சற்றுத் தள்ளி நின்ற தையல்காரர் அது ஏதோ சோதனை மருந்து என்று நினைத்து, பயபக்தியோடு பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசுக்கு வந்து படிவம் எழுதும்போதுதான் அகப்பட்டது. 'சேர்த்த பதப்படுத்தும் பொருள்' என்று ஒரு கட்டம் உண்டு. மேடம் பழக்கத்தில் 'பார்மலின், இருபது சொட்டு' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் போகிற தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்தை ஊற்றிவிட்டோம். நான் தற்காலிக வேலையில் பத்தொன்பது வருஷம் ஓட்டி, நிரந்தர உத்தரவு கையெழுத்துக்குப் போயிருந்த சமயம். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவரே என்னைப் பார்த்து, "நான் கேட்டிருப்பேன் அண்ணே. பழக்கம்" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

உடனே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். ஷெட்டில் பூட்டு. வாசல்வரை பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. கடைகளில் ஒரு பாட்டில்கூட இல்லை, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பும்போது நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். தையல்காரர் வீட்டில், மனைவி குடித்து மீதி வைத்த பாட்டில் இன்னும் இருக்கிறது, கொட்ட மனசு வராமல் வைத்திருக்கிறார். அதைப் பிரித்து ஊற்றி, புதுச் சீட்டு, புது அரக்கு. முத்திரை நம் கையில், சாட்சியும் நம் ஆள். அதே கம்பெனித் தண்ணீர்தானே, பொய்யில்லையே என்றேன். முதலாளி கையெழுத்துக்கு என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன்.

வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒத்துக்கொள்ளப்போகிறார் என்றே நான் நினைத்தேன்.

"ஷெட்ல எடுத்ததுன்னு நான் கையெழுத்துப் போடணும் அண்ணே. அங்க எடுக்கலையே" என்றார்.

மறுநாள் காலை தையல் கடைக்கு அவரே போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரர் மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டார். கிருமி ஒன்றுகூட மிஞ்சியிருக்காதா என்றார். இருக்காது என்றார் மேடம்.

"அவன் தண்ணியை நீங்களே சுத்தம் பண்ணிக் குடுத்துட்டீங்க."

"ஆமா. நான் மருந்தைக் கேட்டேன், அண்ணன் எடுத்துக் குடுத்தார். அவர் மேல தப்பு இல்லை."

தையல்காரர் எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார். எனக்கு மட்டும். மேடம் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு படியிறங்கிப் போனார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்காராமல் வந்திருக்கலாம்.

பரிசோதனை அறிக்கையில் கிருமி இல்லை, பார்மலின் இருக்கிறது என்று வந்தது. வழக்கைக் கைவிட்டுவிடச் சொன்னார் மேலதிகாரி. மேடம் விடவில்லை. பதினோரு நோயாளிகளின் சீட்டு, ஷெட்டின் படம், சாக்கடையின் படம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் அவற்றையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல தண்ணீரில் விஷம் ஊற்றியது யார் என்று மட்டும் கேட்டார். நான் என்றார் மேடம். புட்டியைத் தானாக எடுத்தாரா, யாராவது கொடுத்தார்களா என்று கேட்டார். நான் கேட்டேன், உதவியாளர் கொடுத்தார் என்றார். கேட்டது நன்றாக நினைவிருக்கிறதா என்று நீதிபதியே குறுக்கிட்டுக் கேட்டார். மேடம் சற்றுத் தயங்கி, கேட்டேன் என்றார். பெஞ்சின் கடைசியில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வழக்கு தள்ளுபடி ஆனது. முதலாளி வெளியே வந்து, மருந்துக்கு நன்றி அரக்கம்மா என்று கும்பிட்டான். அவனை அன்றே நாலு அறை அறைந்திருக்க வேண்டும். அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை, ஆனால் அதில் பாதி என் மேல் இருக்க வேண்டியது.

மேடத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு போனது. எனக்கு இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு மேடம் மாதம் தவறாமல் அந்த ஷெட்டுக்குப் போனார், மூடி திறக்காத பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். பயத்தில் முதலாளி குழாய், வடிகட்டி எல்லாவற்றையும் மாற்றினான். அந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீர் அவனுடையதுதான் என்று ஆகிவிட்டது. தையல்காரருக்கு அதனால் என்ன? எதிரே மேடம் வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். ஒருமுறை ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார். மேடம் அவர் எழுந்துபோன காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே வந்ததாக அந்த நடத்துனர் என்னிடம் சொன்னார். டப்பா மறுபடி பாட்டில் அடுக்குகளுக்கு நடுவே போய்விட்டது.

என்னிடம் மட்டும் தையல்காரருக்குக் கோபமே இல்லை. என் சட்டை, பேன்ட், பெரியவள் கல்யாணத்துக்கு நான் போட்ட கோட்டு எல்லாம் அவர் தைத்ததுதான். போனால் ஸ்டூலைப் போடுவார், டீ சொல்வார், சாப்பிட்டாச்சா என்பார். அந்த அம்மாளுக்குச் சேரவேண்டியதை ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்து அனுபவித்தேன்.

மேடம் ஓய்வுபெற்ற நாளில் விழா எதுவும் இல்லை. மேலதிகாரி வெளியூர் போயிருந்தார், மற்றவர்களுக்கு வழக்கம்போல வீட்டில் வேலை. மத்தியானம் மாதிரி அறையில் நாங்கள் இரண்டு பேரும் பாட்டில்களை எண்ணிப் பட்டியல் எழுதினோம். முத்திரையை ஒப்படைப்புக் கவரில் போட்டு ஒட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தண்ணி எடுத்த அன்னைக்கு மருந்தை நான் கேட்டேனா?"

அவர் என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பார்க்கவில்லை.

"எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன். கேட்ட ஞாபகமே வரமாட்டேங்குது. கூண்டுல ஏறி சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கேன். தையல் கடையில அவர்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

வேலை நிரந்தரம், இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆயிற்று, என்னை இனி யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது. உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நாள் வரப்போவதில்லை.

"கேட்டீங்க மேடம்" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்கு. மருந்துன்னீங்க, குடுத்தேன்."

அவர் மூச்சை விட்டார். ஒன்பது வருஷத்தில் அந்த முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

"நல்லவேளை" என்றார். "அந்த மனுஷன்கிட்ட நான் பொய் சொல்லலை."

டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடந்து போனார். நான் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த பேன்ட்டை வாங்கத் தையல் கடைக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு டீ சொன்னார். உட்கார்ந்து குடித்தேன்.